தட்டுக்கு வந்த பிராது

"ஏனுங்க மணியகாரரே, இதுக்கொரு நாயம் சொல்லுங்க!"

சாமியாத்தாள் கையை நீட்டினாள். அவளுடைய கடலைக்காய்க் காட்டுக்கு மேற்கே ஆளுயரத்துக்குச் சோளத்தட்டு நின்றது. கதிர் கொய்தாகிவிட்டது. மாட்டுக்குத் தீனியாகும் தட்டை மட்டும் அறுக்கவில்லை.

தட்டு வெள்ளியங்கிரியுடையது. அவள் புருஷனின் தம்பி; அவனுக்கு அவள் நங்கை. புருஷன் போன பின், வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது.

"தட்டுக்குள்ள எலி குடியேறிப்போச்சுங்க. என்ர காயையெல்லாம் தோண்டித் தின்னுபோடும். அறுக்கச் சொல்லுங்க. அவன் ஊட்டுல எருது ரெண்டும் எலும்பா நிக்குது. தட்டை வேடிக்கை பாக்கறான் மகராசன்!"

மணியகாரர் நஞ்சுண்டன், வரப்பில் நின்ற வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினார். "என்னப்பா?"

"ஆடி போகட்டுமுங்க" என்றான் வெள்ளியங்கிரி.

"இப்ப அறுத்தா என்ன?"

வெள்ளியங்கிரி மேற்கே வானத்தைப் பார்த்தான்.

பவ வருஷத்து ஆடி அது. மழை ஏமாற்றிவிட்டது. மேற்கேயிருந்து வீசும் பாலக்காட்டுக் காற்று மட்டும் ஓயவில்லை.

மணியகாரர் எலி வளை தேடிக் காட்டைச் சுற்றினார். வளை ஒன்றும் தென்படவில்லை. வேறொன்று தென்பட்டது. தட்டு மறைத்த வரைக்கும் கடலைச்செடி பச்சையாக நின்றது. தட்டு முடிந்த இடத்தில், காற்று நேரே அடித்த செடியெல்லாம் ஈரம் வற்றி, இலை சுருண்டு கிடந்தது.

வெள்ளியங்கிரியைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"காத்துக்கு மறைப்பாவா நிறுத்தி வெச்சிருக்கே? அம்மணிகிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நங்கையே அருவாளை எடுத்து அறுத்துப்போடுமுங்க. என்ர தயவுல பயிர் பொழைக்க ஒத்துக்குமா? இது வெளைஞ்சாத்தானுங்க அந்த ஊட்டுல அடுப்பெரியும்."

"சரி. எருதுக்கு என்ர தட்டுப்போர்ல உருவிக்க. வாயைத் தொறக்காதே."

மணியகாரர் சாமியாத்தாளிடம் வந்தார்.

"தீர்ப்புக் கேட்டுக்க, அம்மணி. இந்தத் தட்டு இனி கோயில் மாகாளியாத்தாளுக்கு நேந்துவிட்டது. ஆடி முடியற வரைக்கும் யாரும் தொடப்படாது. இவன் எருது வாய்க்கு ஒரு தட்டுப் போகாது. திருப்திதானே?"

சாமியாத்தாள் முகம் செத்துப்போயிற்று.

"அய்யோ! என்னங்க இப்படிச் சொல்லிப்போட்டீங்க?"

"எலிதானே? பூனை வளத்து."

அவள் கிட்டே வந்தாள். வெள்ளியங்கிரி காதில் விழாமல் குரலைத் தாழ்த்தினாள்.

"எலியுமில்லை, கிலியுமில்லீங்க. அந்த எருதுக பட்டினி கெடக்கறதைப் பாக்க முடியலீங்க. நான் சொன்னாக் கேப்பானா? நீங்க சொன்னாவாச்சும் அறுத்துப் போடுவான்னுதானுங்க பிராதே குடுத்தேன்!"