முப்பிடாதியின் துப்பாக்கி

"டப்!" பத்தாவது குண்டும் குறி அட்டையில் பாய்ந்தது. முப்பிடாதி துப்பாக்கியைக் கீழே வைத்தாள். மாநில அணிக்கான தேர்வு அது; தவறினால் அண்ணன் பேசி வைத்திருக்கும் மில் வேலைதான்.

சுட்டது இரவல் துப்பாக்கியால். அண்ணன் மலிவாக வாங்கித் தந்த காற்றுத் துப்பாக்கியை, விசை தளர்ந்திருக்கிறது என்று காலையில் பரிசோதனை மேசையிலேயே ஒதுக்கிவிட்டார்கள். தேர்வுக்கு வந்திருந்த இன்னொரு பெண் இரக்கப்பட்டுத் தன்னுடையதை நீட்டியபோது ஒத்திகை நேரம் முடிந்திருந்தது.

அட்டை வந்தது. நடுப்புள்ளியில் ஒரு துளைகூட இல்லை.

"என்னட்டி, நடுவ விட்டுட்டு ஓரத்தக் காவல் காக்கியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

தேர்வாளர் சற்குணம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பத்துத் துளைகளும் வட்டத்தின் வலது மேல் ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம் போல நெருங்கிக் கிடந்தன.

"எங்கம்மா குறி வச்சே?"

"அங்கனதான் மேடம். வலப்பக்கம் கொஞ்சம் மேல தள்ளிப் பிடிச்சாத்தானே நடுவுல விழும்?"

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. எங்க வீட்டுச் சுவர்ல அப்படிச் சுட்டாத்தான் நடுவுல விழும். எல்லாத் துப்பாக்கியும் அப்படித்தான்னு நெனச்சேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பத்தும் போச்சுல்லா மேடம்?"

சற்குணம் அந்த அட்டையை மடிக்காமல் தன் கோப்புக்குள் வைத்தார்.

"திங்கட்கிழமை முகாமுக்கு வந்துரு. கைய மட்டும் கொண்டு வா, அந்தக் கோணத் துப்பாக்கி வீட்டுலயே கெடக்கட்டும்."