குழாயில் வந்த பேச்சு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றைக்கே விழட்டும்.

வார்டு தேர்தல் பிரசாரம் முடிகிற நாள். பொழுது சாய்கிற நேரம். எங்கள் தெருமுனையில், வேட்பாளரான என் மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கரண்ட் போய்விட்டது.

வேறு வேட்பாளர் என்றால் கவலையில்லை, மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியிருப்பார். என் மகளுக்கு நூலகத்தில் வேலை. 'சத்தம் போடாதீர்கள்' என்று அங்கே தொங்குகிற பலகையைக்கூடப் பொடி எழுத்தில் எழுதி மாட்டியவள். வருடக்கணக்காகக் கிசுகிசுத்தே பழகிய குரல்.

வீட்டில் புருஷனோடு சண்டை போட்டாலும் அதே கிசுகிசுதான். என்ன திட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள மாப்பிள்ளை பக்கத்தில் போய்க் காதைக் கொடுப்பார். அவ்வளவு பக்கத்தில் போன பிறகு எந்தச் சண்டை நிற்கும்? எனக்குப் பேரப்பிள்ளைகள் நான்கு பேர்.

அவளை எதிர்த்து நின்றவருக்குப் பட்டப்பெயரே 'தொண்டை'. அவர் தன் வீட்டு நாயைக் கூப்பிட்டால் அடுத்த வார்டு நாய்களும் எழுந்து வரும். காலையிலேயே பேசி முடித்துவிட்டு, என் மகள் திணறுவதைப் பார்க்க அவர் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி கேக்கலம்மா!" என்றது ஒரு குரல்.

"முன்னாடியே கேக்கல, நீ வேற!" என்றாள் முதல் வரிசையில் இருந்த என் மனைவி.

கூட்டம் கலையத் தொடங்கியது. இந்தப் பேச்சை விட்டால் வேறு பேச்சுக்கு நேரமில்லை. அவளை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெருவுக்குத் தெரியாமலே போய்விடும். மகள் என்னைப் பார்த்து "அப்பா" என்றாள். உதடு அசைந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

அப்போது மாப்பிள்ளை என் தோளைத் தட்டினார். அவர் அறிவியல் வாத்தியார். பால் ஏன் பொங்குகிறது என்று ஆராய்வதற்காக அடுப்பு முன்னால் நின்று, கண்ணெதிரே பொங்கவிட்டு, என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"மாமா, ஓடிப்போய் நம்ம வீட்டுக் குழாயைத் திறந்து விடுங்க. முழுசா திறங்க!"

சங்கதி இதுதான். குளியலறையில் நின்று பேசினால் குரல் பெரிதாகக் கேட்கும் என்று மகளை அங்கே அனுப்பிப் பழகச் சொன்னவர் மாப்பிள்ளை. அவளும் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, குழாய் வாயருகே தன் வாயை வைத்து முழுப் பேச்சையும் பேசிவந்தாள். நாங்கள் யாரும் நேரத்துக்குக் குளிக்கவில்லை. உள்ளே போன சத்தம் வீணாகாது, தண்ணீரில் ஊறிக் கிடக்கும் என்பது மாப்பிள்ளையின் கட்சி.

நானும் முதலில் சிரித்தேன். ஆனால் எங்கள் சமையலறைக் குழாய் ஒருநாள் சொட்டுச் சொட்டாக "வணக்கம்... வணக்கம்..." என்று சொட்டியதை என் இரண்டு காதாலும் கேட்டேன். பதில் வணக்கமும் சொன்னேன்.

ஓடினேன். திறந்தேன்.

குழாய் முதலில் இருமியது. அப்புறம் குடம் நிறைகிற மாதிரி, நிதானமாக என் மகளின் குரல் எழும்பி வந்தது. எல்லா வீட்டுக் குழாயும் பூமிக்கடியில் ஒன்றுக்கொன்று சொந்தம்தானே. சமையலறை, குளியலறை, செடிக்கு விடும் ரப்பர் குழாய் எல்லாம் சேர்ந்து பேச ஆரம்பித்தன. வெந்நீர்க் குழாயில் மட்டும் பேச்சு கொஞ்சம் காரசாரமாக வந்ததாகக் கேள்வி.

கலைந்து வீட்டுக்குப் போனவர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். தலை நிறைய சோப்போடு நின்ற தபால்காரர், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போடுவது பற்றிய பகுதி முடிகிறவரை கண்ணைக்கூடக் கழுவவில்லை.

'தொண்டை' வாய் கொப்பளிக்க வீட்டுக்குள் போனார். குழாய் அவரிடமும் ஓட்டுக் கேட்டது. மூடினார், நின்றது. திறந்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். "நடுவில் தடை செய்த ஐயாவுக்கும் நன்றி" என்றது.

"அம்மா தாயே, என் ஓட்டும் உனக்குத்தான்! வாயைக் கொப்பளிக்க விடு!"

அவர் குழாயிடம் மட்டும்தான் சொன்னார். ஆனால் தொண்டை அவருடையதாயிற்றே, வார்டு முழுக்கக் கேட்டுவிட்டது.

இதிலெல்லாம் எனக்கு ஆச்சரியமில்லை. நம்புவதற்குக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. அது தேர்தல் பேச்சு, ஆனால் முதலிலிருந்து முடிவுவரை யாரையும் திட்டவில்லை.

கடைசிச் சொட்டு விழுந்ததும் தெருவே கைதட்டியது. ஈரக் கை என்பதால் நன்றாகவே சத்தம் வந்தது. மேடையில் மகள் சிரித்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தார். என் மனைவி, "எல்லாரும் பாக்குறாங்க, தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை," என்று அதட்டினாள்.

மகள் ஜெயித்தாள்.

அந்தப் பேச்சில் அவள் எங்கள் தெருவுக்கென்று கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று. அதை மறுவருடமே நிறைவேற்றினாள்.

அதற்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் குழாய் கிடையாது.