ஒரே கூடாரத்தில்

"அடிலாபாத் காட்டுல, அருவிப் பக்கத்துல, ராத்திரி ஒரே கூடாரத்துலயா?" திருநாவுக்கரசு போட்ட சத்தம் சனத்நகர் குடியிருப்பின் மூன்று மாடிக்கும் கேட்டது.

மகள் சுபாஸ்ரீ பையை இழுத்து மூடினாள். "ஆபீஸ்ல நிறைய பேர் வர்றாங்கப்பா. வனத்துறையில அனுமதிகூட வாங்கியாச்சு. தினேஷ்தான் எல்லா ஏற்பாடும்..."

"பேரைச் சொல்லாதே! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"மழை விட்டா அருவியில தண்ணி வத்திடும்ப்பா."

"வத்தட்டும்! நம்ம குடும்பத்துல எந்தப் பொண்ணாவது இப்படிக் கிளம்பியிருக்காளா? சொந்தக்காரங்க கேட்டா நான் மூஞ்சியை எங்கே வச்சுக்கறது?"

"காலம் மாறிப்போச்சுங்க," என்று மெல்ல ஆரம்பித்தாள் அவர் மனைவி வள்ளியம்மாள்.

"வாயை மூடு. எல்லாம் நீ கொடுக்கிற இடம்!"

வாசலில் ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"வந்தாச்சா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

தினேஷ் நின்றிருந்தான். திருநாவுக்கரசின் கை தானாகவே வேட்டியை இறக்கிவிட்டது. ஆத்திரம் மட்டும் இறங்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனியில தாலி கட்டினீங்க. ஆடி பிறந்ததும் உங்க அம்மாகிட்ட முறையாச் சொல்லித்தான் பொண்ணைக் கூட்டிட்டு வந்தேன். ஆவணி பிறக்கட்டும். அருவிக்கு என்ன, இமயமலைக்கே கூட்டிட்டுப் போங்க, ஏன்னு கேட்க மாட்டேன். அதுவரைக்கும் அவ என் வீட்டுப் பொண்ணு!"