போர்டில் உட்காராத ப்ராசஸர்

"இந்த ப்ராசஸர் அந்த போர்டுல உக்காராதுப்பா. போன வாரமே சொன்னேன்ல?"

கைப்பேசித் திரையில் மகன் தலையில் அடித்துக்கொண்டான். அப்பாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

உட்காராது என்று அவருக்கும் தெரியும். எந்த ப்ராசஸர் எந்த மதர்போர்டில் உட்காரும், எந்த ரேம் எதற்கு ஆகாது என்பதெல்லாம் இப்போது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வேண்டுமென்றேதான் தப்பான டப்பாவை எடுத்துக் கேமராவுக்கு நேரே நீட்டினார். சரியானதை எடுத்தால் மகன் "ஓகே" என்று முடித்துவிடுவான். தப்பானதை எடுத்தால் முதலில் திட்டுவான், பிறகு விளக்குவான். அதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும்.

அந்த அரை மணிக்காகத்தான் அவர் வாராவாரம் இந்த கம்ப்யூட்டர் கடைக்கு வந்துகொண்டிருந்தார்.

கல்லாவில் இருந்த பெண் முதலில் முகம் சுளித்தவள்தான். இப்போது அவர் தலையைக் கண்டதுமே ஸ்டூலை இழுத்துப் போடுகிறாள்.

"இந்த வாரமாவது வாங்கிடுவீங்களா அங்கிள், இல்ல கண்காட்சி மட்டும்தானா?"

அவள் கேட்டதற்குச் சிரித்து வைத்தார். அவர் நில அளவையராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடியோ கேம் என்றால் கார் எதன்மீதாவது மோதும் என்பதோடு அவர் அறிவு தீர்ந்தது.

மகன் படித்த காலத்தில் அவனுடைய கம்ப்யூட்டரைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில், ஒவ்வொரு பாகமாக வாங்கி, அவன் தன் கையாலேயே பூட்டியது. "அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு அழு" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்து வெளிநாடு போன அன்று, அவன் அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே அவள்தான் தபால்காரி. அவள் கண்ணை மூடிய பிறகு தபால் நின்றுபோனது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, பரவாயில்லை. அதற்கு மேல் போனில் மூச்சுச் சத்தம்தான்.

அப்படி ஒரு மூச்சுச் சத்தத்தைத் தாங்க மாட்டாமல்தான் ஒருநாள் வாயில் வந்ததைச் சொன்னார்: உன் பழைய கம்ப்யூட்டரைச் சரிபண்ணி, நானும் கேம் ஆடிப் பார்க்கலாமென்று இருக்கிறேன்.

மறுமுனையில் மகன் குரல் சட்டென்று உயர்ந்தது.

"அத இன்னுமா வெச்சிருக்கீங்க?"

அந்தக் குரலை அவர் கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளையின் குரல். அவர் உம் கொட்டினார்.

அன்று ஆரம்பித்தது இந்தப் படிப்பு. நடுத்தர பட்ஜெட் என்றால் எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது, கிராபிக்ஸ் கார்டில்தான் பணத்தைப் போட வேண்டும் என்று மகன் பாடம் நடத்துவான். பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது. கேபினெட் என்கிற வெளிப்பெட்டிக்கு ஒரு காசும் செலவழிக்கக் கூடாது, பழசே போதும். சொல்லிக்கொண்டே போகும்போது அவனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிடும். நடுவில் தன் வீட்டு ஹீட்டர் கெட்டதைச் சொல்வான். மேனேஜரைத் திட்டுவான். அவனுக்கு மேனேஜர் ஒருவர் இருக்கிறார் என்பதே அவருக்கு அப்படித்தான் தெரியும்.

இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்வார். அடுத்த அறையில்தானே இருந்தான்.

இன்று அவன் திட்டிவிட்டு விளக்க ஆரம்பிக்கவில்லை. திரைக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, அந்த டப்பாவக் கீழ வைங்க. நீங்க இனி அலைய வேணாம். எல்லாத்தையும் நான் இங்கயே வாங்கிட்டேன். அடுத்த மாசம் லீவு போட்டிருக்கேன். நானே கொண்டு வந்து மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் பழைய கேபினெட்டத் திறந்துறாதீங்க, என்ன? நான்தான் திறப்பேன்."

அம்மாவின் காரியத்துக்கு வந்து உடனே திரும்பியவன், அதன்பின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவன் வரமாட்டானா என்று அவர் ஏங்காத நாளில்லை. இப்போது வருகிறேன் என்கிறான்.

"சரிப்பா," என்றார்.

மகன் கையசைத்துவிட்டுத் திரையிலிருந்து போனான்.

"என்ன அங்கிள், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. வர்றானாம்."

"அட, நல்ல விஷயம்தானே."

அவர் தப்பான டப்பாவை அதன் இடத்தில் வைத்தார். அடுக்கைவிட்டுக் கொஞ்சம் வெளியே நின்றதை உள்ளே தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பழைய கேபினெட் ஒண்ணு எங்கயாவது கிடைக்குமாம்மா? அந்தக் காலத்து மாடல்."

"தேடிப் பாக்கலாம். என்ன கலரு? முன்பக்கம் எப்படி இருக்கும்?"

கறுப்பு என்று சொல்ல வாயெடுத்தார். சாம்பலாகவும் இருந்திருக்கலாம். அத்தனை வருஷம் அதே வீட்டில் இருந்து, அத்தனை சண்டைக்கும் காரணமாயிருந்த பெட்டி. எவ்வளவு யோசித்தும் அதன் முகம் அவர் மனதில் எழவில்லை.

மகன் விமானம் ஏறிய அதே வாரம், பழைய இரும்புக்காரன் அதை வாசலில் தராசில் தூக்கி வைத்து எடை போட்டபோதுகூட, அவர் தராசு முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.