சுண்டுவிரல்

ஆயுதபூஜை விடுமுறை முடிந்து அச்சகம் திறந்த காலையில், பூங்காவனம் ஒரு கல்யாணப் பத்திரிகையை டைப் செய்ய உட்கார்ந்தாள். இடது சுண்டுவிரல் அழுத்துகிற ‘அ’ மட்டும் திரையில் விழவில்லை. மறுபடி அழுத்தினாள். இல்லை. போன வருஷம் வாதம் வந்து செயலற்றுக் கிடந்த பக்கம் அது. மற்ற விரல்களெல்லாம் எழுந்த பிறகும் அடம்பிடித்து, கடைசியாக உயிர் வந்தது இந்தச் சுண்டுவிரலுக்குத்தான். மேசைக்கடியில் அதைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்த மாதிரியும் இருந்தது, வலிக்காத மாதிரியும் இருந்தது.

“என்னக்கா, மொகமெல்லாம் வேர்த்திருக்கு?” பக்கத்து மேசை ரெஜினா எழுந்து வந்தாள்.

“ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் இத அடிச்சுப் பாரேன்.”

ரெஜினா அடித்தாள். விழவில்லை. ஓங்கிக் குத்தினாள். அப்போதும் விழவில்லை.

“கீபோர்டுதான் போச்சு.”

பூங்காவனத்துக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஹேர்பின்னால் அந்தப் பட்டனை நெம்பி எடுத்தார்கள். அடியில் சந்தனம் வழிந்து கெட்டியாகக் காய்ந்திருந்தது, குங்குமத்தோடு.

“எல்லாத்தையும் விட்டுட்டு இதுல மட்டும் யாருக்கா இவ்ளோ அப்புனது?”

பூங்காவனம் தன் சுண்டுவிரலைப் பார்த்துச் சிரித்தாள். சுரண்டித் துடைத்து, பட்டனைப் பொருத்தி, அழுத்தினாள். ‘அ’ விழுந்தது. விரலை எடுக்கவில்லை. ஒரு வரி நிறைந்தது, அடுத்த வரியும் நிறைந்தது.

“போதும்க்கா, விடுங்க.”

அவள் விடவில்லை.