காலி வண்டியின் மைலேஜ்

செபாஸ்டியனின் பிக்கப் வண்டி புதிதில் லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பதினொன்று. வயசானால் மனுஷனுக்கே மூச்சு வாங்குகிறது, வண்டிக்கு வாங்காதா என்று விட்டுவிட்டான். ஆனால் அம்பத்தூரில் இரும்புக் கம்பியை இறக்கிவிட்டு நூம்பலுக்குக் காலியாகத் திரும்பும்போது எட்டுதான் கொடுத்தது. போகும்போதும் வரும்போதும் டேங்கை நிரப்பிப் பார்த்துவிட்டான்.

"லோடு வண்டிய விட காலி வண்டி ஜாஸ்தி குடிக்குதேண்ணா," என்றான் மெக்கானிக் உத்தமன். "எஞ்சின்ல ஒண்ணியும் இல்ல."

முன்பெல்லாம் திரும்பும் வழியில் கைகாட்டும் கம்பெனி ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொள்வான். இறங்கும் இடம் வந்ததும் கேபினைத் தட்டுவார்கள். போலீஸ் கெடுபிடிக்குப் பிறகு யாரையும் ஏற்றுவதில்லை.

ஒரு சாயங்காலம் அயனம்பாக்கம் ஏரி ஓரம் கேபினை யாரோ தட்டினார்கள். பழக்கத்தில் பிரேக் போட்டான். பின்னால் யாருமில்லை. ஆனால் ஆட்கள் குதித்து இறங்கியதுபோல வண்டி லேசாக மேலே எழும்பியது. அங்கிருந்து வீடுவரை இலகுவாக ஓடியது.

அதன் பிறகு தினமும் அங்கே தட்டினார்கள். தினமும் நிறுத்தினான். பயப்படவும் தெம்பு வேண்டுமே.

நேற்று ஏரியைத் தாண்டியும் யாரும் தட்டவில்லை. விட்டது தொல்லை என்று வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினான். அவன் மனைவி ஞானகுமாரி வாசலில் நின்று வண்டியையே பார்த்தாள்.

"இன்னாயா, லோடு எறக்காமயே வந்துட்டியா? பின்னாடி இப்டி அழுந்திக்கினு கீது."