அட்டைக்குப் போட்ட மாலை

"எத்தனை நாளா நடக்குது இது?"

விமர்சகர் நாவலைச் சாப்பாட்டு மேஜையில் ஓங்கிப் போட்டார். தம்ளர் உருண்டது. மனைவி அடுப்பைத் தணித்தாள்.

"எதுங்க?"

"அஞ்சாம் அத்தியாயம். ஒருத்தன் இரங்கல் கூட்டத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னால பாத்ரூம் கண்ணாடியைப் பார்த்து அழுது பழகுறான். தொண்டை எந்த இடத்துல அடைக்கணும்னுகூட எழுதியிருக்கான். இது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? அவனுக்கு யாருடி சொன்னது?"

விமர்சகர் எந்தப் புத்தகத்தையும் ஆசிரியர் செத்த பிறகுதான் படிப்பார். உயிரோடு இருக்கிற என்னைப் போன்ற எழுத்தாளர்களைப் படிக்காமலே திட்டுவார். படித்தாலும் அதேதான் சொல்லியிருப்பார் என்பதால் எனக்கு வருத்தமில்லை.

இந்த நாவலாசிரியர், முன்னுரைப்படி, ஒண்டிக்கட்டை. வாடகை அறையில் கையெழுத்துப் பிரதியை விட்டுவிட்டுச் செத்துப்போனவர். போன வாரம் இரங்கல் கூட்டம். போட்டோ கிடைக்காமல் புத்தக அட்டைக்கே மாலை போட்டார்கள். "என் கையைப் பிடித்தபடிதான் அவர் உயிர் பிரிந்தது" என்று விமர்சகர் மைக்கில் விம்ம, மண்டபமே மூக்கைச் சிந்தியது.

"அவன் இங்க வந்திருக்கானா?"

"இந்த மேஜையிலதான் எழுதினது. நீங்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனதும்."

"என் வீட்டுலயேவா! பெட்டியைக் கட்டு. கிளம்பு."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே செத்தாரு? அப்பவே அவரைக் கேட்டிருக்கலாமே."

விமர்சகருக்கு முதல் தடவையாக நிஜமாகவே தொண்டை அடைத்தது.

"அப்படி ஒரு ஆளே கிடையாதுங்க. முன்னுரை, செத்தவரு, அஞ்சாம் அத்தியாயம், எல்லாமே நான் எழுதினதுதான். பொம்பளை பேரைப் பார்த்தா நீங்க புரட்டக்கூட மாட்டீங்களேன்னு ஒரு ஆம்பளையை உண்டாக்கினேன். அடுத்த பதிப்புல என் பேரைப் போடலாம்னு பதிப்பாளர் சொல்றாரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

விமர்சகர் நாற்காலியில் உட்கார்ந்தார். மண்டபம், மைக், மூக்கைச் சிந்திய ஜனம் எல்லாம் கண்முன் வந்துபோயின. உருண்ட தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"பெட்டியெல்லாம் கட்ட வேண்டாம்" என்றார், ரொம்பவும் இதமாக.

அவள் முகம் மலர்ந்தது. அவர் தொடர்ந்தார்:

"அவரு செத்தவராவே இருக்கட்டும்."